மருந்தடிக்கும் முன் எந்தப் பூச்சி என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓலைச்சுவடிகளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் வேலை பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது, படிக்கும்போதெல்லாம் மனசு நிறைகிறது. 2025 மத்திய பட்ஜெட்டில் ஞான பாரதம் திட்டத்தை அறிவித்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்து, ஆவணப்படுத்தி, பாதுகாக்கப் போவதாகச் சொன்னார்கள். நல்ல காரியம். ஆனால் காலையில் ஸ்கேனருக்கு எடுத்துப்போன சுவடிக்கட்டு சாயங்காலம் எங்கே திரும்புகிறது? எந்த அலமாரியிலிருந்து எடுத்தார்களோ அதே அலமாரிக்கு. அந்த அலமாரிக்குள் எது குடியிருக்கிறது, எவ்வளவு காலமாக இருக்கிறது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யாராவது பார்த்தார்களா என்பது பற்றி மட்டும் ஒரு வரிகூட வருவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன், பூச்சியியல்தான் என் பாடம். ஓய்வுக்குப் பிறகு டெல்டா பகுதியில் சிறு நூலகங்கள், மடத்துச் சுவடி அறை, கல்லூரிகளின் பழைய அருங்காட்சியக அறைகள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பார்த்துக் கொடுக்கிறேன். போகிற இடமெல்லாம் காதில் விழுகிற வாக்கியம் ஒன்றுதான்: "பூச்சி அரிச்சிடுச்சு சார், மருந்து அடிக்கணும்." எந்தப் பூச்சி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அரித்தது இப்போதா, முப்பது வருடம் முன்பா என்று கேட்டால் அதுவும் தெரியாது. இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரியாமல் அடிக்கிற மருந்தால் பூச்சியை விடச் சுவடிக்குத்தான் சேதம் அதிகம் என்பதை நான் நேரில் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

ஓலையையோ தாளையோ வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பேனா முனையால் குத்தியது போல வட்டமான, ஓரம் சுத்தமான சின்னத் துளை இருக்கிறதா? அது ஓர் ஏட்டோடு நிற்காமல் அடுத்த ஏடு, அதற்கடுத்த ஏடு என்று கட்டை ஊடுருவிப் போகிறதா? அப்படியென்றால் அது வண்டின் வேலை. நம் நாட்டில் இதில் பெயர்போனது கேஸ்ட்ராலஸ் இண்டிகஸ் என்ற புத்தக வண்டு. தாய் வண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், பழுப்பு நிறம், உருளை மாதிரி உடம்பு. அரிப்பது பெரும்பாலும் அதன் புழு: வெள்ளையாக, வளைந்து, கட்டுக்குள்ளேயே குடைந்துகொண்டு, வெளியே தலை காட்டாமல் வளர்ந்து கூட்டுப்புழுவாகி, வண்டாக மாறிய பிறகுதான் அந்த வட்டத் துளையைப் போட்டு வெளியே வரும். அதாவது துளையை நாம் பார்க்கும்போது அந்தத் துளையைப் போட்டவர் கிளம்பிப் போய்விட்டார். உள்ளே அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்கச் செலவே கிடையாது. கட்டை மெதுவாகச் சுத்தம் செய்து பழைய தூளையெல்லாம் மென்மையான தூரிகையால் தட்டி எடுத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாள் மேல் வைத்து, ஒரு பெட்டிக்குள் அசைக்காமல் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். தாளில் வெளிறிய நிறத்தில் புதுத்தூள் கொட்டியிருந்தால் உள்ளே உயிரோடு வேலை நடக்கிறது. ஒன்றுமே இல்லையென்றால் இன்னும் கொஞ்ச காலம் விட்டு மறுபடி பாருங்கள், அப்போதும் இல்லையென்றால் அநேகமாக அது பழைய கதை. பழைய கதைக்கு மருந்து எதற்கு? நான் பார்த்த "பூச்சி அரித்த" கட்டுகளில் பலவற்றில் அரிப்பு நின்று பல காலம் ஆகியிருந்தது, ஆனாலும் வருடம் தவறாமல் அவற்றின் மேல் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

துளை இல்லாமல் தாளின் மேற்பரப்பு மட்டும் சுரண்டியது போல மெலிந்து, அங்கங்கே ஒழுங்கில்லாத ஓட்டை விழுந்திருந்தால் வெள்ளிப்பூச்சி. ராமபாணம் என்றும் சொல்வார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், முன்பக்கம் அகன்று வால் பக்கம் குறுகி, பின்னால் மூன்று இழை நீட்டிக்கொண்டிருக்கும், விளக்கைப் போட்டால் மின்னல் மாதிரி ஓடி மறையும். அதற்கு வேண்டியது மாவுச்சத்து. பைண்டிங் பசை, லேபிள் ஒட்டிய பசை, வழவழப்புக்காகத் தாளில் பூசியிருக்கும் பூச்சு எல்லாம் அதன் சாப்பாடு. பொதுவாக ஈரமான இடம்தான் அதற்குப் பிடிக்கும். ஓர் அறையில் வெள்ளிப்பூச்சி பெருகுகிறது என்றால் அந்த அறையில் எங்கோ ஈரம் இருக்கிறது, அதைத் தேடுங்கள். வண்டுப் புழுவையும் வெள்ளிப்பூச்சியையும் ஒரே மருந்து, ஒரே பீய்ச்சலில் தீர்த்துவிடலாம் என்று நினைப்பது எவ்வளவு தப்பு என்று இதிலிருந்தே புரியும்: ஒன்று கட்டுக்குள்ளே, இன்னொன்று சுவர் விரிசலில்.

அப்புறம் சமையலறையிலிருந்து வருகிற இரண்டு வண்டுகள் இருக்கின்றன. மல்லி, மஞ்சள், மிளகாய் டப்பாவைத் திறந்தால் பழுப்பாகச் சின்னதாக ஊர்ந்து வருமே, அதேதான். புகையிலை வண்டு ஒன்று, மருந்துக்கடை வண்டு ஒன்று. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும். முதுகு வழவழப்பாக இருந்து, உணர்கொம்பு ரம்பப் பல் மாதிரி வரிசையாக இருந்தால் புகையிலை வண்டு. முதுகில் நீளவாக்கில் கோடு கோடாக ஓடி, உணர்கொம்பின் நுனியில் கடைசி மூன்று கணு மட்டும் பெருத்திருந்தால் மருந்துக்கடை வண்டு. மாணவர்களுக்கு ஒரு தடவை காட்டினால் மறக்கவே மாட்டார்கள், அவ்வளவு தெளிவான வித்தியாசம். எதற்கு இந்த நுணுக்கம் என்று கேட்கலாம். புகையிலை வண்டுக்கென்றே தனி ஈர்ப்பு வாசனை வைத்த பொறி புகையிலைக் கிடங்குகளில் பயன்படுகிறது, ஆண் வண்டு தேடி வந்து மாட்டும். மருந்துக்கடை வண்டுக்கு அதை வைத்து எந்தப் பயனும் இல்லை. இனம் தெரியாமல் பொறி வாங்கினால், பொறியில் எதுவும் விழவில்லை, நம் நூலகம் சுத்தம் என்று நிம்மதியாக இருந்துவிடுவோம்.

இந்த இரண்டும் மசாலாப் பொருளில் விளைகிற வண்டுகள் என்பதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்குத் தயக்கம்தான், ஏனென்றால் நம் மரபு வழிமுறைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை எல்லாவற்றையும் இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடி அலமாரியில் வைக்கும் வழக்கம் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தால் பலருக்கும் தெரிந்த ஒன்று. வாசனை இருக்கும் வரை அது பூச்சியை அண்டவிடாது. வாசனை போனதும் மாற்ற வேண்டும் என்பது அந்த முறையிலேயே உள்ள விதி. இதைப் பார்த்துவிட்டு மற்ற இடங்களில் முடிச்சை மட்டும் வைத்துவிட்டு வருடக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள். வாசனை போன மசாலாப் பொடி ஓர் அலமாரிக்குள் இருட்டில் கிடந்தால் இந்த வண்டுகளுக்கு அது விருந்து. ஓர் இடத்தில் அப்படி ஒரு பழைய முடிச்சை நான் அவிழ்த்தபோது உள்ளே பொடியை விட வண்டின் கூடும் எச்சமும்தான் அதிகம் இருந்தது. முடிச்சு வைப்பவர்கள் தயவுசெய்து அதில் தேதி எழுதி வையுங்கள்.

அருங்காட்சியகங்களுக்கு வருவோம். பழைய கல்லூரிகளின் விலங்கியல் அறைகளில் பாடம் செய்த பறவைகள், கீரி, மரநாய், அப்புறம் குண்டூசியில் குத்தி வைத்த வண்ணத்துப்பூச்சிப் பெட்டிகள் இருக்கும். அந்தப் பெட்டியின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஒவ்வொரு பூச்சிக்கும் நேர் கீழே ஒரு சிட்டிகை பழுப்புத்தூள் குவிந்திருந்தால், பக்கத்தில் முடி முடியாக உரித்துப்போட்ட சட்டை கிடந்தால், கம்பள வண்டின் புழு உள்ளே புகுந்துவிட்டது. கொஞ்ச நாளில் குண்டூசியும் லேபிளும் மட்டும் மிஞ்சும். நூறு வருடம் முன்பு இன்ன மலையில், இன்ன தேதியில் பிடித்தது என்று லேபிள் சொல்லும், பூச்சி இருக்காது. அந்த மலையில் அந்த இனம் இன்று இல்லாமல் போயிருந்தால் அதற்கு இருந்த ஒரே சாட்சியும் போனது. கம்பளி, பட்டு, இறகு, தோல், கொம்பு எது கிடைத்தாலும் இந்தப் புழு தின்னும். செத்த பூச்சியையும் தின்னும்.

ஆனால் தாய் வண்டு மகரந்தம் தேடி வெளிச்சத்துக்குப் பறக்கும். அதனால் அதைப் பார்க்க வேண்டிய இடம் ஜன்னல் விளிம்பு. அறையைத் திறந்ததும் நான் முதலில் போவது அங்கேதான். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில், உருண்டையாக, வெள்ளையும் பழுப்புமாகப் புள்ளி போட்ட வண்டு நாலைந்து மல்லாந்து கிடந்தால் உள்ளே எங்கோ விளைச்சல் நடக்கிறது என்று அர்த்தம். பெருக்குகிறவர் தினமும் அதைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருப்பார், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அவரிடம் யாரும் கேட்டதில்லை. ஒரு கட்டடத்தின் பூச்சிகளைப் பற்றி அதிகம் தெரிந்தவர் பெரும்பாலும் துப்புரவுப் பணியாளர்தான். அவர் கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, "புதுசாக எதைப் பார்த்தாலும் இதில் போட்டு வையுங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்ன இடங்களில் எனக்குக் கிடைத்த நல்ல மாதிரிகளெல்லாம் அப்படி வந்தவைதான். வெண்டிலேட்டரில் புறாக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். கூட்டில் இருக்கும் இறகும் செத்த குஞ்சும் கம்பள வண்டுக்கு நாற்றங்கால். கூட்டை விட்டுவிட்டு அலமாரிக்கு மருந்து அடிப்பதில் பலனே இல்லை.

கரையான் பற்றி நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: அது பெரும்பாலும் தரையிலும் சுவரிலும் மண்குழாய் கட்டித்தான் வரும், அதனால் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்து, மாதம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பின்பக்கம் பார்த்தால் ஆரம்பத்திலேயே கண்ணில் படும். புத்தகப் பேன் என்கிற வெளிறிய குட்டிப் பூச்சி பூஞ்சையைத் தின்பது, அதனால் பெரிய சேதம் இல்லை, ஆனால் அது தெரிந்தால் அறையில் ஈரப்பதம் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் அது தெரியாத நூலகம் குறைவு.

இப்போது நடப்பது என்ன? வருடத்துக்கு ஒரு டெண்டர். ஓர் ஆள் முதுகில் டேங்கோடு வருகிறார், அறை அறையாக அடிக்கிறார், பில்லில் "பூச்சி மருந்து தெளித்தல்" என்று ஒரு வரி. எந்தப் பூச்சிக்கு, எங்கே இருந்தது, அடித்த பிறகு குறைந்ததா என்று ஒரு தகவலும் கிடையாது. நான் போன ஒரு நூலகத்தில் (பெயர் வேண்டாம்) திறந்த அலமாரிக்குள் கைவிட்டுப் புத்தக முதுகின் மேலேயே அடித்திருந்தார்கள். துணி பைண்டிங் எல்லாம் எண்ணெய்க் கறை, இரண்டு மூன்று பழைய பஞ்சாங்கங்களில் மை கசிந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. கட்டுக்குள் இருந்த வண்டுப் புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை, மருந்து அதை எட்டவே இல்லை. அடுத்த மாதம் புதுத்தூள் கொட்டியது. அந்த நூலகரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவருக்கு மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு அப்படி.

புகை மூட்டுவது இன்னொன்று. புகை உள்ளே போகும், புழுவையும் கொல்லும், உண்மைதான். ஆனால் புகை கலைந்த மறுநாளே அதே ஜன்னல் வழியாக அடுத்த வண்டு வரலாம், அதைத் தடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது. முன்பு எங்கும் பயன்பட்ட மீத்தைல் புரோமைடை ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் உலகமே பெருமளவு கைவிட்டது. அதற்குப் பதிலாகத் தானியக் கிடங்கில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை இங்கே கொண்டுவந்து வைப்பவர்கள் உண்டு. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு மனிதனைக் கொல்லும், பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்களைத் தவிர யாரும் தொடக்கூடாது. அதோடு இன்னொரு ஆபத்து: பாஸ்பீன் செம்பையும் செம்புக் கலப்பு உலோகங்களையும் அரிக்கும். நம் அருங்காட்சியகங்களில் சுவடி இருக்கும் அதே அறையில் செப்பேடு இருக்கும், பக்கத்து அறையில் வெண்கலத் திருமேனி இருக்கும். வண்டைக் கொல்லப்போய்ச் சோழர் காலச் செப்பேட்டின் எழுத்தை அரிக்க விடலாமா? பழைய காலத்தில் பாடம் செய்த விலங்குகளுக்கு ஆர்சனிக் பூசும் பழக்கமும் இருந்தது, பிற்பாடு டிடிடி என்ற பூச்சிக்கொல்லியும் தாராளமாகத் தூவினார்கள், அந்த நஞ்சு இன்னும் அந்தத் தோலில் இருக்கலாம். கையுறை இல்லாமல் அவற்றைத் தூசி தட்டும் ஊழியர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, என்னதான் செய்வது? முதலில் பொறி வையுங்கள். கூடாரம் மாதிரி மடித்த அட்டை, உள்ளே பிசின், அவ்வளவுதான். பூச்சிகள் பெரும்பாலும் சுவரும் தரையும் சேரும் ஓரத்தை ஒட்டியே ஊரும், அதனால் அந்த ஓரத்தில், கதவுப் பக்கம், ஜன்னலுக்குக் கீழே, தண்ணீர்க் குழாய் போகும் சுவரருகே வைக்க வேண்டும். எலி பிடிக்கும் பிசின் அட்டையைத் திறந்தபடி போட்டுவிடாதீர்கள், பாவம் பல்லிகள் மாட்டிச் சாகும், செத்த பல்லியைத் தின்னக் கம்பள வண்டு வரும். நுழைவாய் தாழ்வாக இருக்கும்படி மேலே அட்டை மூடி வைத்தால் பல்லி மாட்டுவது குறையும். ஒவ்வொரு பொறிக்கும் எண், வைத்த தேதி. அறையின் வரைபடம் ஒன்றைக் கையால் போட்டு அதில் அந்த எண்களைக் குறியுங்கள். மாதம் ஒரு தடவை, மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து, எந்த எண் பொறியில் என்ன இனம், எத்தனை, வண்டா புழுவா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நிறைந்த பொறியை மாற்றிவிடுங்கள், பழைய பொறியில் ஒட்டிய செத்த பூச்சியே மற்றவற்றுக்கு இரையாகிவிடும். பொறி பூச்சியை ஒழிக்காது, அது ஒழிப்பதற்கான சாதனமும் இல்லை. எங்கே, எப்போது, எது என்று நமக்குச் சொல்லும்.

சொல்கிறதா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஓர் உதாரணம். ஒரு சிறு நூலகத்தில் இப்படிப் பொறி வைத்ததில் மற்ற மூலைகளில் ஒன்றிரண்டு எறும்பு தவிர ஒன்றுமில்லை, வடமேற்கு மூலையில் மட்டும் மாதா மாதம் வெள்ளிப்பூச்சி விழுந்துகொண்டே இருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கழிவறை. போய்ப் பார்த்தால் வாஷ்பேசினுக்குப் போகும் குழாய் சுவருக்குள் கசிந்துகொண்டிருந்தது, நூலகப் பக்கம் அலமாரி மறைத்ததால் ஈரம் யார் கண்ணிலும் படவில்லை. பிளம்பர் வந்து குழாயை மாற்றினார், அலமாரியை நகர்த்திச் சுவரைக் காயவிட்டார்கள். அடுத்தடுத்த மாதங்களில் அந்த மூலைப் பொறியில் விழுவது குறைந்து, பிறகு நின்றே போனது. ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை.

உயிருள்ள வண்டுப் புழு இருக்கிறது என்று உறுதியான புத்தகங்களுக்குக் குளிர் வைத்தியம் இருக்கிறது. பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை நன்றாக வெளியேற்றி ஒட்டிவிட்டு, ஏற்கெனவே முழுக் குளிரில் இருக்கும் டீப் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். மெதுவாகக் குளிர்ந்தால் பூச்சி பழகிக்கொண்டு தப்பிவிடும். மைனஸ் 18 டிகிரி என்றால் இரண்டு வாரம், மைனஸ் 30 என்றால் மூன்று நாள் போதும். வெளியே எடுத்த பிறகு பையைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும், அவசரப்பட்டுப் பிரித்தால் புத்தகத்தின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் அறை பல சமயம் இந்தக் குளிரை எட்டாது, ஐஸ்கிரீம் கடைகளில் இருக்கும் பெட்டி ஃப்ரீசர் எட்டும், ஒரு தெர்மாமீட்டர் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் ஓவியம், வண்ணம் தீட்டிய பலகை, கண்ணாடி நெகட்டிவ், தந்தம் இவற்றைத் தயவுசெய்து இதில் வைக்காதீர்கள். ஓலைச்சுவடியையும் கன்சர்வேட்டரை, அதாவது பழம்பொருள் பாதுகாப்பு நிபுணரை, கேட்காமல் வைக்க வேண்டாம். பெரிய நிறுவனங்கள் காற்றுப் புகாத உறைக்குள் ஆக்சிஜனை நீக்கி மூன்று வாரம் போல வைத்துப் பூச்சியை மூச்சுமுட்டச் செய்கிறார்கள், சுவடிக்கும் பாடம் செய்த பறவைக்கும் அது இன்னும் பாதுகாப்பானது. நம் மாநிலத்தில் மண்டலத்துக்கு ஒன்று என்றாவது அப்படி ஒரு வசதி வரவேண்டும் என்பது என் ஆசை.

இதெல்லாம் வெளிநாட்டு விஷயம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். ஐரோப்பாவில் 2016-இல் நூலகம், அருங்காட்சியகங்களில் பூச்சியைக் கட்டுப்படுத்துவதற்கென்றே ஒரு தரநிலை கொண்டுவந்தார்கள் என்பது சரிதான். ஆனால் 1851-இல் தொடங்கிய நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகளின் அரிப்பு நோய்க்கு வைத்தியம் பார்க்க 1930-லேயே வேதியியல் ஆய்வகம் அமைத்தார்கள், எஸ். பரமசிவன் போன்ற அறிஞர் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தார். அப்படி ஒரு பாரம்பரியம் உள்ள மாநிலத்தில் ஒரு மாவட்ட அருங்காட்சியகத்தில் கைலென்ஸும் பொறியும் ஒரு நோட்டும் இல்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அரசுக்கு நான் கேட்பது பெரிய பணம் இல்லை. பூச்சி மருந்து டெண்டரில் ஒரு நிபந்தனை சேருங்கள்: மருந்து அடிக்கும் முன் பொறி வைத்து, இனம் கண்டு, எழுத்தில் அறிக்கை கொடுத்த பிறகுதான் எதையும் தெளிக்கலாம், புத்தகத்தின் மேலும் சுவடியின் மேலும் நேரடியாக எதையும் அடிக்கவே கூடாது. அரசு நூலகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் எல்லாவற்றிலும் வருகைப் பதிவேடு மாதிரி பூச்சிப் பதிவேடும் கட்டாயம் என்று ஓர் அரசாணை போடுங்கள். இனம் காண ஆளுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். பெரும்பாலான மாவட்டங்களில் விலங்கியல் துறை உள்ள கல்லூரி இருக்கிறது, அங்கே மைக்ராஸ்கோப் தூசி படிந்து கிடக்கிறது, புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு தடவை அவர்களை நூலகத்துக்கு அனுப்புங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து பதிந்தால் எந்த ஊரில் எந்த மாதத்தில் எந்தப் பூச்சி ஏறுகிறது என்று நமக்கே ஒரு கணக்கு கிடைத்துவிடும், வேறு எங்கோ போட்ட கணக்கை நம்பியிருக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் கேட்கக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2018 முதல் அங்கே பூச்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் நடக்கிறது. இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆளில்லை என்று சொல்லக்கூடாது.

கடைசியாக வாசகர்களுக்கு. தாத்தா காலமான பிறகு அவர் சேர்த்த புத்தகங்களையும் பரணில் இருந்த வைத்தியச் சுவடியையும் ஊர் நூலகத்துக்குக் கொடுக்கிறீர்கள், அது உயர்ந்த மனசு, தொடர்ந்து கொடுங்கள். ஆனால் பெட்டியை அப்படியே கொண்டுபோய் நூலக அலமாரியின் பக்கத்தில் இறக்க வேண்டாம். நான் பார்த்தவரை நூலகத்துக்குள் வண்டு நுழைவது பல நேரம் இப்படி நன்கொடையாக வந்த பெட்டியோடுதான். வெயிலில் போட்டு உலர்த்துகிறேன் என்று ஓலையைக் கொளுத்தும் வெயிலில் பரப்பாதீர்கள், வளைந்து வெடித்துவிடும். மண்ணெண்ணெய் தடவாதீர்கள். மேலே சொன்ன வெள்ளைத்தாள் சோதனையை வீட்டிலேயே செய்து பாருங்கள், தூள் கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் பையில் போட்டுக் கட்டி, என்ன பார்த்தீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி, அதோடு கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்கிக்கொள்ளும் நூலகர் அதை ஒரு மாதமாவது தனி அறையில் வைத்துப் பார்த்த பிறகே மற்ற புத்தகங்களோடு சேர்க்க வேண்டும், தனி அறை இல்லையென்றால் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கும்பகோணம்.